ஏறாதவர்களின் பேருந்து

நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்குத் துருவன் கட்டிலில் படுத்தபடியே திருப்போரூருக்குப் போக ஆசைப்படுவார். ஆசைப்பட அவருக்குப் பத்து நிமிடம் உண்டு. அவருக்கு மட்டுமல்ல, பழவேற்காட்டிலிருந்து மரக்காணம் வரை நீண்டு கிடந்த சென்னையின் ஐந்து கோடிப் பேருக்கும் அதே பத்து நிமிடம்தான். அரசுக் குறிப்புகளில் அதற்கு விழைவு நேரம் என்று பெயர். அந்தப் பத்து நிமிடமும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. ஊரே கண்ணை மூடிக்கொண்டு, இன்றைக்கு எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

காதுக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் விழைமணி, "இன்று எங்கே போக வேண்டும்?" என்று கேட்கும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. இடத்தை மனதில் நினைத்தால் மணி அதைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து நாற்பதுக்கு எல்லா விழைவுகளும் தறிக்குப் போய்ச் சேரும். தறி என்பது பேருந்துத் தடங்களை நெய்கிற எந்திரம். நேற்று ஓடிய தடம் இன்றும் ஓட வேண்டும் என்று அதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. ஒரே திசையில் நாற்பது விழைவுகள் சேர்ந்தால் ஒரு பேருந்து வரும். முப்பத்தொன்பது என்றால் வராது. அத்தனை பேரும் பக்கத்துத் தடங்களில் மாறி மாறிப் போய்ச் சேர வேண்டியதுதான். கடல் ஊருக்குள் ஏறிய வருடங்களுக்குப் பிறகு சொந்த வண்டிகளை ஒழித்துவிட்டதால் வேறு வழியும் கிடையாது.

துருவனுக்கு அறுபத்தாறு வயது. துருவன், கவின், யாழினி என்பவையெல்லாம் கிழவர்களின் பெயர்களாகிவிட்ட காலம் அது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலை அவருக்குப் பிழைப்பு. பைத்தியம் எல்லாம் பேருந்தின் மேல்தான். விடுமுறை நாட்களில் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறி அது போகிற கடைசி இடம் வரை போய்த் திரும்புவார். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், நிழல் இருந்ததா, படி எவ்வளவு உயரம் என்று குறிப்பேட்டில் எழுதுவார்.

அவருக்கு அபிப்பிராயங்கள் நிறைய. பேருந்து வளையக் கூடாது. வளைந்தால் தெருவில் நிற்கும் ஒருவருக்கு ஐந்து நிமிடம் லாபம், உள்ளே இருக்கும் நாற்பது பேருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் நஷ்டம். நிறுத்தங்களுக்குத் தலைவர்களின் பெயரை வைப்பதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றின் பெயரை வைத்தால் வெளியூர்க்காரன் பிழைப்பான். நிறுத்தத்தின் கூரையை மேற்கு வெயிலைப் பார்த்துச் சாய்க்க வேண்டும், ஒப்பந்தக்காரர் முகத்தைப் பார்த்துச் சாய்க்கக் கூடாது. இப்படி முப்பது வருடத்தில், பேருந்துகளை நிர்வகிக்கிற தடமன்றத்துக்கு நூற்றுப் பதினேழு மனுக்கள் எழுதியிருந்தார். மன்றம் மிகவும் மரியாதையானது. ஒவ்வொரு மனுவுக்கும் அன்றைக்கே பதில் அனுப்பிவிடும். 'தங்கள் கருத்து பெறப்பட்டது' என்பதுதான் பதில்.

அந்த மனுக்களுக்கெல்லாம் பிழை பார்த்தது அவருடைய மனைவி மகிழினி. பிழையோடு சேர்த்துக் கோபமான வார்த்தைகளையும் அடித்துவிடுவாள். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒருநாள் மனுவைப் பாதி படித்துவிட்டு, இதை எழுதியது யார் என்று அவரிடமே கேட்டாள். அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அடுத்த மாதம் அவளைத் திருப்போரூர் தெளிவகத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

தெளிவகம் மறதி நோயாளிகளுக்கான இல்லம். வடசென்னை நோயாளிகளுக்காக அதைத் தென்கோடியில் கட்டியிருந்தார்கள், நிலம் அங்கேதான் கிடைத்தது என்பதால். மகிழினியோடு சேர்த்து நாற்பத்து மூன்று பேர். தினமும் காலை ஏழு மணிக்கு அவர்களுக்குத் தெளிமருந்து கொடுப்பார்கள். ஏழு பத்துக்கு எல்லோரும் பழைய ஆளாகிவிடுவார்கள். பெயர், பிள்ளைகள், நேற்றுக் காலை பேசியது, விட்டுப்போன சண்டை, எல்லாம் நினைவுக்கு வரும். இந்தத் தெளிவு நாற்பது நிமிடம் நிற்கும். ஏழு ஐம்பதுக்கு மருந்து இறங்கிவிடும். இன்னொரு முறை கொடுத்தால் மூளை தாங்காது. மருந்து ஏறியிருக்கும் நேரத்தில் திரையோ கருவிக் குரலோ பட்டால் வலிப்பு வரும் என்பதால் பார்க்க நினைப்பவர்கள் நேரில்தான் போக வேண்டும். மற்றவர்களின் பிள்ளைகள் பொங்கலுக்கு வந்து போனார்கள். துருவன் தினமும் போனார். இன்னும் ஒரு வருடம் இந்த நாற்பது நிமிடம் கிடைக்கும், அதற்கு மேல் தன்னால் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். திருப்போரூர்ப் பக்கம் வீடு மாற்றக் கேட்டதற்கு, வரிசைப்படி ஒன்பதாவது வருடம் அவர் முறை வரும் என்றார்கள்.

ஒரே ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. காட்டுப்பள்ளியிலிருந்து தெளிவகத்து வாசலுக்கே நேராக ஒரு பேருந்தைத் தறி தினமும் நெய்தது. கடலோரப் பாலத்தின் மேல் ஒரு மணி நேரம். பெரும்பாலும் அதில் அவர் ஒருவர்தான் இருப்பார். அவரை இறக்கிவிட்ட பிறகும் எட்டு மணி வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கும்; பிறகு அவரை ஏற்றிக்கொண்டு திரும்பும். தறிக்குத் தன்மேல் தனிப் பிரியம் என்று மகிழினியிடம் சொல்லிச் சிரிப்பார். பேருந்து விஷயத்தில் எதையும் துருவித் துருவிக் கேட்கிற மனிதர், நாற்பது விழைவு இல்லாமல் இது எப்படி ஓடுகிறது என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

போன வருடத்திலிருந்து அந்தப் பேருந்து வளைய ஆரம்பித்தது. பாலத்தை விட்டு இறங்கி யாருமே நிற்காத நிறுத்தங்களுக்குப் போய்க் கதவைத் திறந்தது. காற்றை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பியது. ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தவர் ஏழு இருபதுக்குச் சேர்ந்தார். பிறகு ஏழு முப்பத்தைந்து. ஒருநாள் அவர் உள்ளே நுழைந்தபோது ஏழு நாற்பத்து நான்கு. மகிழினி தலையை வாரிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்து நாலு நிமிஷம் கதவையே பாத்துட்டு இருந்தேன்" என்றாள். "இன்னைக்கு நீ வரமாட்டேன்னு முடிவே பண்ணிட்டேன்."

பேருந்து பெருங்குடி வழியாகச் சுற்றியதை அவர் விளக்கத் தொடங்கினார். எந்த நிறுத்தம், எத்தனை நிமிடம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்ணில் வெளிச்சம் குறைந்துவிட்டது. கிடைத்த ஆறு நிமிடத்தையும் பேருந்துக் கதைக்குக் கொடுத்துவிட்ட வருத்தத்தில் அவர் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் அவரை யாரோ பெரியவர் என்று நினைத்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் அவர் பெருங்குடியில் இறங்கினார். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெரிய குடியிருப்பு. கீழ்த்தளத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணிடம், தினமும் ஆறரைக்கு இங்கே பேருந்து வருகிறதே, யார் ஏறுகிறார்கள் என்று விசாரித்தார். ஜோவிதா என்று தன் பெயரைச் சொன்ன அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மறைக்க எதுவும் இல்லாத முகம்.

"யாரும் ஏற மாட்டாங்க சார். நாங்க சும்மா போட்டு வைக்கிறோம்" என்றாள். "அண்ணா நகர்ல என் தங்கச்சி இருக்கா. வருஷத்துக்கு ரெண்டு தடவை போவேன். ஆனா தெனம் போட்டு வச்சாதான் தடம் நம்ம பக்கம் நிக்கும். நாம விட்டா அடுத்த பிளாக்குக்காரங்க இழுத்துக்குவாங்கல்ல?"

மணி எத்தனை இடம் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும் என்பதால் அந்தக் குடியிருப்பில் ஆளுக்கு மூன்று நான்கு இடங்கள் விழைந்துகொண்டிருந்தார்கள். கடற்கரை, தங்கை வீடு, போகப்போவதே இல்லாத ஒரு பல் மருத்துவமனை. இருக்கட்டுமே என்றுதான். ஒருவரும் கெட்டவர் இல்லை. துருவன் தன் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தார். ஊர் முழுக்க இதே கதைதான். பத்து விழைவில் ஆறு பொய். போகாத இடத்தை வாழ்நாளில் ஒருமுறைகூட விழைந்தறியாதவர் அவர். தன் மனைவியின் நேரத்தை முகம் தெரியாத ஐந்து கோடிப் பேர் சும்மா தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது குறிப்பேட்டை அறைந்து மூடினார்.

நூற்றுப் பதினெட்டாவது மனுவை அன்று மாலையே எழுதினார். மறுநாள் மகிழினியிடம் எடுத்துப் போனார். அன்று பதினோரு நிமிடம் கிடைத்தது. அதில் அவர்கள் மனுவைத்தான் படித்தார்கள். விழைந்தவர் ஏற வேண்டும். ஏறினால் போதும், எங்கே இறங்குவது என்பது அவரவர் விருப்பம். ஏழு நாட்கள் விழைந்தும் ஏறாதவரின் விழைவுக்கு எடை பூச்சியம். மறுபடி ஏழு நாட்கள் ஒழுங்காக ஏறிக் காட்டினால் எடை திரும்பும். நோயாளிகள், முதியோர் போன்றவர்களுக்குச் சலுகை தரலாம் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். மகிழினி அந்த வரியை அடித்தாள்.

"சலுகைன்னு ஒரு ஓட்டை வச்சா எல்லாரும் அதுல நுழஞ்சுருவாங்க. யாருக்கும் விதிவிலக்கு கிடையாதுன்னு எழுது. அடிக்கோடு போடு."

அவர் அடிக்கோடு போட்டார். அவளுடைய புத்தி இன்னும் எவ்வளவு கூர்மை என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதே நாளில் மன்றம் அதைச் சட்டமாக்கியது. முப்பது வருடமாக அசையாத மன்றம் இதற்கு மட்டும் அசைந்ததில் ஆச்சரியம் இல்லை. இதற்குக் கம்பம் நட வேண்டாம், கூரை போட வேண்டாம், புதிய பேருந்து வாங்க வேண்டாம். தவறு பயணிகளுடையது என்றும் சொல்லிவிடலாம். இவ்வளவு நல்ல மனு எந்த மன்றத்துக்குக் கிடைக்கும்?

அறிவிப்பு வந்த மறுநாளே ஊர் பயந்துவிட்டது. விழைவு நேரத்தில் ஜனங்கள் தங்கைகளையும் பல் மருத்துவர்களையும் மறந்தார்கள். துருவனின் பேருந்து பாலத்தை விட்டு இறங்கவே இல்லை. ஆறு மணிக்குப் புறப்பட்டு ஆறு ஐம்பத்தெட்டுக்கு வாசலில் நின்றது. மருந்து கொடுப்பதற்கு முன்பே அவர் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு கிழவி மெல்ல மெல்ல மகிழினியாக ஆவதை அன்றுதான் முதன்முதலில் முழுதாகப் பார்த்தார். அவரை அடையாளம் கண்டதும் அவள் முதலில் செய்தது, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்ததுதான்.

ஏழு நாட்கள் அவர்களுக்கு நாற்பது நிமிடமும் முழுதாகக் கிடைத்தது. பேருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஆலையில் சந்தித்த நாட்கள், பிறந்து இரண்டு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போன குழந்தை, யார் முதலில் போவது நல்லது என்று எல்லாவற்றையும் பேசினார்கள். ஏழாவது நாள் அவர், வீட்டு நினைப்பு வருகிறதா என்று கேட்டார். கேட்கக் கூடாது என்று மூன்று வருடம் அடக்கி வைத்திருந்த கேள்வி.

"சத்தியமா இல்ல" என்றாள் மகிழினி. "தெளிவா இருக்கறப்ப உன்ன நெனச்சுக்கிறேன். இல்லாதப்ப எனக்கு என்ன தெரியும், எந்த வீடு, எந்த ஊருன்னு? நான் நல்லாத்தான் இருக்கேன். நீ அத நெனச்சு மனசு கெடுத்துக்காத."

அவர் நிம்மதியாக வீடு திரும்பினார்.

எட்டாம் நாள் ஐந்து நாற்பத்தைந்துக்கு மணி சொன்னது: "உங்களுக்கு நேர்த்தடம் இல்லை. மூன்று மாற்றம். சேரும் நேரம் எட்டு இருபது." அவர் தவறு என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதுவே. கூடவே, காப்பாளர் என்ற முறையில் அவருக்கு மன்றத்தின் கடிதம் ஒன்று வந்திருந்தது.

'தங்கள் பொறுப்பிலுள்ள மகிழினி, திருப்போரூர் தெளிவகத்திலிருந்து காட்டுப்பள்ளியிலுள்ள தம் வீட்டுக்கு இதுவரை 1,146 நாட்கள் விழைந்துள்ளார். ஒருமுறையும் ஏறவில்லை. புதிய விதிப்படி இன்று முதல் அவரது விழைவின் எடை பூச்சியம்.'

அவர் அதை மூன்று முறை படித்தார். குடிமக்கள் எல்லோரும் மணி அணிய வேண்டும் என்பது சட்டம். தெளிவகத்தில் அதை மாட்டாமல் விட யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தரை மணிக்கு அவளுக்குத் தன் பெயர் தெரியாது, புருஷன் பெயர் தெரியாது. எங்கே போக வேண்டும் என்று கேட்டால் மட்டும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டுமா? நாற்பத்து மூன்று பேருக்கும் அதே கேள்வி, அதே பதில். அத்தனை பேரும் வடசென்னைக்காரர்கள். அந்தப் பேருந்து அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போகக் காட்டுப்பள்ளியிலிருந்து காலியாக வந்த பேருந்து. எட்டு மணி வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது அவர்களுக்காக. துருவன் மூன்று வருடமாக அதில் ஓசியில் ஒட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறார். அவர்கள் விழைந்தால்தான் அவருக்குப் பேருந்து. அந்த விழைவைத் தன் கையாலேயே அழித்துவிட்டார். அவர் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

எட்டு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மகிழினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தாதி பர்வீன் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். நாற்பது வயதுக்காரி, அதிகம் பேசாதவள். ஏழு ஐம்பது வரை அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள். அவர் கடிதத்தைக் காட்டினார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அஞ்சரைக்கு எல்லாரும் ஒரே நேரத்துல உதட்ட அசைப்பாங்க சார்" என்றாள். "நாங்க ஏதோ சாமி கும்புடுறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தோம்."

துருவன் மன்றத்துக்கே நேரில் போனார். அங்கிருந்த அதிகாரி அவரை எழுந்து நின்று வரவேற்றார். அவருடைய விதியால் நகரத்தின் பயண நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருப்பதாகச் சொல்லிக் கை குலுக்கினார். துருவன் நோயாளிகளைப் பற்றிச் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு மனுவின் நகலை எடுத்து அடிக்கோடிட்ட வரியைக் காட்டினார். தடத்தில் உண்மையாகப் பயணம் செய்கிறவர் ஒருவர்தான் என்றும், ஒருவருக்காகப் பேருந்தை விடச் சொல்லி அவரே கேட்கமாட்டார் என்று தெரியும் என்றும் வருத்தத்தோடு சொன்னார். துருவன் வீட்டுக்கு வந்து விதிவிலக்குக் கேட்டு நூற்றுப் பத்தொன்பதாவது மனுவை எழுதினார். பிழை பார்க்க ஆள் இல்லை. தங்கள் கருத்து பெறப்பட்டது என்று அன்றைக்கே பதில் வந்துவிட்டது.

பதினோரு நாட்கள் அவர் மூன்று பேருந்து மாறி, தெளிவு போன பிறகு போய்ச் சேர்ந்தார். நான்காம் நாள் மகிழினி, அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டதாகப் பர்வீன் சொன்னாள். ஆறாம் நாள், பொய் சொல்ல மனம் வராமல், பேருந்து நின்றுவிட்டதைப் பர்வீனே சொல்லிவிட்டாளாம். அதற்கு மகிழினி, "மனு எழுதச் சொல்லுங்க" என்றிருக்கிறாள்.

பதினோராம் நாள், இரண்டாவது பேருந்தில், பெருங்குடியில் ஜோவிதா ஏறினாள். கையில் ஒரு துணிப்பை. நடக்கும்போது கிலுகிலுவென்று சத்தம். அவள் ஏறியதும் பேருந்து ஐம்பத்திரண்டு பேரை வரவேற்றது. காலியாக இருந்த இருக்கைகளில் எல்லாம் ஆள் இருப்பதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளோடு ஏறி உட்காரப் போனவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் துருவனை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"என்ன சார் பண்றது? ஏறணும்னு எவனோ சட்டம் போட்டுட்டான். எல்லாரும் தெனம் ஏறி இறங்க முடியுமா? எங்க பிளாக்குக்கெல்லாம் நான் ஏறிடுறேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். பிறகுதான் துருவன் கவனித்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பை நிறைய அடுத்தவர்களின் மணிகளோடு ஒருவர் நின்றார். பிறருக்காக ஏறுகிற ஆள் என்பதால் அவர்களுக்கு 'ஏற்றாள்' என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. பேருந்துகள் பழையபடி வளைந்தன, பழையபடி தாமதமாயின. அவருடைய விதி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஊரில் எதுவும் மாறவில்லை. பை தூக்க ஆள் இல்லாத நாற்பத்து மூன்று பேரின் பேருந்து மட்டும் போய்விட்டது.

அவருக்கு வந்த கோபத்தில் நூற்றிருபதாவது மனுவின் முதல் வரி அங்கேயே மனதில் உருவானது. மணியை உடலோடு பிரிக்க முடியாதபடி பிணைக்க வேண்டும், மீறினால் தண்டனை. மூன்றாவது வரிக்கு வந்தபோது நிறுத்திக்கொண்டார். யாருடைய மணியை யாருடைய உடலோடு என்று நினைத்ததும் மகிழினியின் முகம் வந்து நின்றது, அந்த வரி ஓடவில்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்விட்டார். பேருந்து வாழ்க்கையில் அவருக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

அன்று பர்வீனிடம் அதைக் கேட்க அவருக்கு எளிதில் நா எழவில்லை. மருந்து இறங்கிய பிறகு மணிகளைக் கழற்றித் துடைத்து ஒரு தட்டில் வைப்பது அங்கே வழக்கம். மாலையில்தான் மறுபடி மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் மணிகளைத் தன்னிடம் தர முடியுமா என்று கேட்டார். அடுத்த நிறுத்தம் வரை போய், நடந்தே திரும்பி வந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பர்வீன் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு துணிப்பையைத் தேடி எடுத்துவந்தாள்.

ஏழு நாட்கள், வாசலுக்கு அருகே போகிற ஏதோ ஒரு பேருந்தில் அவர் நாற்பத்து மூன்று பேரையும் ஏற்றி இறக்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெயிலில் நடந்து திரும்பும்போது முழங்கால் வலித்தது. எட்டாம் நாள் ஐந்து நாற்பத்தைந்துக்கு மணி, நேர்த்தடம் உண்டு, ஆறு மணிக்குத் தெருமுனையில் என்றது.

வழியில் இரண்டு மூன்று வளைவுகள் இருந்தும் ஏழு பதினைந்துக்குள் போய்விட்டார். மகிழினி அவரைப் பார்த்ததும் அழுதாள். மனு எழுதினாயா என்று கேட்டாள். எழுதினேன் என்றார். என்ன எழுதினாய் என்று அவள் கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் நீ சொன்ன மாதிரிதான் என்றார். அவளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. மீதி நேரம் முழுதும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

எட்டு மணிக்குப் பையோடு பேருந்தில் ஏறினார். அவருடைய தடத்துப் பேருந்தில் நாற்பத்து நான்கு இருக்கைகள். அவர் ஒன்றில் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் பையை வைத்தார். பேருந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்க ஆரம்பித்தது. வாங்க சரண்யா, வீட்டுக்கு ஐம்பது நிமிடம். வாங்க ஜெரால்டு, வீட்டுக்கு முப்பத்தெட்டு நிமிடம். வாங்க ஹாஜிரா. இருக்கைகளில் ஒவ்வொன்றாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வந்தது. கடைசியாக அவர் பக்கத்து இருக்கையில் எரிந்தது. "வாங்க மகிழினி, வீட்டுக்கு அறுபது நிமிடம்." துருவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்து ஏறினாள். பின்தெருவில் குடியிருப்பவள் போலிருக்கிறது; நிறைமாதம். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவரும் இல்லாத பேருந்தில் வரிசை வரிசையாக எரியும் விளக்குகளைப் பார்த்தாள். கேட்பதற்கு இருந்த ஒரே மனிதர் துருவன்.

"சார், இந்த சீட்ல ஆள் இருக்கா?"

அவர் பையைப் பார்த்தார்.

"ஆள் இருக்கும்மா" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து தன் இருக்கையை அவளுக்குக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, பையை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். பேருந்து கிளம்பியது. துருவன் ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையால் பை சரியாமல் பார்த்துக்கொண்டார்.